கையுறை கேட்டவர்கள்

தம்பி,

நீ அனுப்பிய செய்தியை உன் அம்மா எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். "அப்பா, மாமாகிட்ட ஒரு சாரி மட்டும் சொல்லிடுங்க. கல்யாணம் முடியிற வரைக்கும் போதும்" என்று எழுதியிருந்தாய். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அவள் வாசிப்பதற்கு முன்பே நான் படித்துவிட்டேன். தன் குரலில் கேட்டாலாவது நான் இளகுவேனா என்று அவள் பார்த்தாள். நான் இளகவில்லை. சம்பந்தியிடம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கல்யாணத்திற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இதைத் தொலைபேசியில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். எழுத்தாக இருந்தால், கோபத்தில் தூக்கிப் போட்டாலும் ஆறின பிறகு எடுத்துப் படிக்கலாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன் எழுதுகிற கடிதம் இது. நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

அன்று ஆற்றோர மீன் கடையில் நடந்ததை நீ ஒரு விதமாக நினைத்துக்கொண்டிருப்பாய், நான் ஒரு விதமாக. அதனால் நடந்ததை நடந்தபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த சந்தோஷத்தில் சம்பந்தி வீட்டார் ரவாங்கிலிருந்து நம் ஊர் கோல சிலாங்கூருக்கு வந்திருந்தார்கள். இரண்டு குடும்பமும் ஒரே வட்ட மேசையில் உட்கார்ந்தோம். சம்பந்தி கெட்டவர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பெரிய மீனின் கன்னச் சதையை எடுத்து முதலில் உன் அம்மாவின் தட்டில் வைத்தவர் அவர். ஒரு கடைவீட்டுக்குள் இரண்டு இயந்திரங்களோடு தொடங்கி, இன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு முதலாளியாகியிருக்கிறார். அங்கே நீ மேனேஜர். அங்கேதான் அவர் மகள் தர்ஷினியைப் பார்த்தாய். இன்னும் பதினாறு நாளில் நீ அவர் மருமகன். இவ்வளவும் தெரிந்துதான் நான் அந்த மேசையில் வாயைத் திறந்தேன்.

பேச்சு ஆள் கிடைக்காத கஷ்டத்தைப் பற்றிப் போனது. சம்பந்தி சொன்னார்: "நம்ம பிள்ளைங்களுக்கு வேலைன்னா இப்ப கசக்குது சம்பந்தி. ஏர்கோன் இருக்கா, ஞாயித்துக்கிழமை லீவா, இதத்தான் மொதல்ல கேக்கறான். பங்களாதேஷுலேருந்து வர்ற பங்களாக்காரன பாருங்க. பன்னெண்டு மணி நேரம் நிக்க வெச்சாலும் வாயத் தொறக்க மாட்டான்." அதற்கு நீ சிரித்துக்கொண்டே, "ஆமா மாமா, நம்ம ஆளுங்களுக்கு டாக்டர்கிட்ட எம்.சி. வாங்கி மட்டம் போட மட்டும்தான் தெரியும். எல்லாம் சும்மா கெடைக்கணும்" என்றாய். அவர் சொன்னதைக்கூட நான் விழுங்கியிருப்பேன். நீ சொன்னது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

"அந்தப் பங்களாக்காரங்க பாஸ்போர்ட்டு எங்க இருக்கு சம்பந்தி?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்லதான் லா. தொலைஞ்சிடக் கூடாதுன்னு பத்திரமா வெச்சிருக்கோம்."

"கேட்டா குடுப்பீங்களா?"

அவர் சிரித்தார். "அவன் எதுக்குக் கேக்கப் போறான்?"

"அப்ப அவன் வாயத் தொறக்காதத ஒழைப்புன்னு சொல்லாதீங்க. அது பயம்" என்றேன். நீ மேசைக்கு அடியில் என் காலைத் தட்டினாய். நான் நிறுத்தவில்லை. "நானும் அந்த வேல பாத்தவன்தான். பயத்துக்கு ஒழைப்புன்னு பேர் வெச்சவன்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஐஸ் கச்சாங் வந்து கரைந்து தண்ணீராகிவிட்டது. சம்பந்தி கைகழுவப் போனவர் திரும்பி வரும்போதே கார் சாவியைக் கையில் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா சொன்னாள்: "கேட்டது சரிதான். சாப்புட்டு முடிச்சப்பறம் கேட்டிருக்கலாம்." அந்த அளவுக்கு வேண்டுமானால் என் தவறை ஒப்புக்கொள்கிறேன்.

யாரும் கேட்காத அந்தக் கடைசி வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று இப்போது சொல்கிறேன். நான் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். என்ன செய்தேன் என்பது தெரியாது. நீ அப்போது பாலர் பள்ளிக்குக்கூடப் போகவில்லை. இங்கிருந்து அரை மணி நேரத் தூரத்தில், எண்ணெய்க்குப் பழம் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டம். மருந்தடிக்கும் பெண்களுக்கு நான் மண்டோர். பதினெட்டுப் பெண்கள். புல்லைக் கொல்லும் மருந்தைத் தண்ணீரில் கலந்து, முதுகில் மாட்டும் தோம்பில் நிரப்பி, மரத்துக்கு மரம் அடித்துக்கொண்டே போகவேண்டும். தோம்பு நிறைந்தால் ஒரு பிள்ளையைத் தூக்குகிற கனம். கசியும். முதுகு நனையும். மதியத்துக்குள் மூக்கில் ரத்தம் வருகிறவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். சட்டைத் துணியைக் கிழித்து முகத்தில் கட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான் பாதுகாப்பு.

அவர்களில் ஒருத்தி அஞ்சலை. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். புருஷன் லோரி ஓட்டுபவன், இரண்டு பிள்ளைகள். வேகத்தில் அவளை யாரும் முந்த முடியாது. தன் வரிசையை முடித்துவிட்டு வயதானவர்களின் வரிசையில் போய்ப் பாதி அடித்துக் கொடுப்பாள். ஒரு நாள் காலை பெரட்டில், அதாவது ஆள் எண்ணிக்கை எடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், அவள் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். நகங்கள் வெளுத்து, இரண்டு விரலில் கழன்றே போயிருந்தன. "மண்டோரே, மருந்து பட்டு நகம் கழண்டு வருது. கைக்கு கிளவுஸும் காலுக்கு பூட்ஸும் குடுக்கச் சொல்லுங்க. குடுத்தா இந்த நிமிஷமே எறங்கறோம். அது வரைக்கும் வேற வேல குடுங்க, செய்யறோம்" என்றாள். மற்ற பதினேழு பேரும் அவள் பின்னால் நின்றார்கள். அவள் கேட்டது அவ்வளவுதான். சம்பள உயர்வு கேட்கவில்லை, விடுமுறை கேட்கவில்லை. கையுறை கேட்டாள்.

நான் அதை மேனேஜரிடம் சொன்னேன். சரியாகச் சொல்லவில்லை. நகத்தைப் பற்றிச் சொல்லாமல், "வேலைக்கு எறங்க மாட்டேங்கறாங்க துரை" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு எது கேட்கப் பிடிக்குமோ அதைச் சொன்னேன். தோட்டத்தில் பெரிய மண்டோர் வேலை அப்போது காலியாக இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இவர்களுக்கு ரொம்பச் செல்லம் கொடுத்தாகிவிட்டது" என்று மலாயில் சொன்னார். அடுத்த மாதமே ஏஜெண்டு மூலம் இந்தோனேசியப் பெண்கள் லோரியில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளைத் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வாங்கி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அப்போது அது தவறாகவே படவில்லை.

அவர்கள் வேலை செய்தார்கள், தம்பி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மழை தூறினாலும் ஒதுங்கவில்லை, கையுறை கேட்கவில்லை, சாப்பிட உட்கார்ந்தால் நான் எழுந்திரு என்பதற்கு முன் எழுந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. தினமும் பெரட்டில், நம் பெண்கள் காது கேட்க, "பாத்துக்குங்க, இவங்களும் பொம்பளைங்கதான். எதயாவது கேக்கறாங்களா? நீங்கதான் சோம்பேறி, ஒக்காந்து தின்னு பழகிட்டீங்க" என்பேன். அஞ்சலையைப் பார்த்துத்தான் சொல்வேன். வேலைக்கு இறங்காததால் அவர்களுக்கு உதிரிப் பழம் பொறுக்கும் வேலையை வாரத்தில் மூன்று நாள் மட்டும் கொடுத்தோம். மீதி நாள் வீட்டில் இருந்தார்கள். அப்படி இருப்பதைக் காட்டி மறுபடியும் சோம்பேறி என்றேன். வேலையைப் பிடுங்கிக்கொண்டவனும் நான், வேலை இல்லாமல் இருக்கிறாய் என்று ஏசியவனும் நான்.

வந்தவர்களில் சுமார்னி என்று ஒருத்தி. ஜாவாவில் ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டு வந்தவள். அதிகம் பேச மாட்டாள். ஒரு நாள் மருந்தைக் கலக்கும்போது தண்ணீர் சேராத மருந்து தெறித்து அவள் இடது கண்ணில் பட்டுவிட்டது. நான் பத்தடி தூரத்தில் நின்றேன். அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்ததைப் பார்த்தேன். "தண்ணி ஊத்திக் கழுவிக்கோ, இன்னும் மூணு வரிசதான்" என்று மலாயில் சொன்னேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் நான் சொன்ன வார்த்தை அதுதான். அவள் கால்வாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டு மூன்று வரிசையையும் முடித்தாள். மறுநாள் காலை கண் வீங்கி மூடிக்கிடக்க, பெரட்டில் வந்து முதல் ஆளாக நின்றாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் செய்தது இது. அறுபது பேர் நின்ற பெரட்டில், அவளைத் தோளைத் தொட்டு முன்னால் நிறுத்தி, "கண்ணு போனாலும் வேலைக்கு வந்து நிக்கறா பாருங்க. இவகிட்ட கத்துக்குங்கடி சோம்பேறிங்களா" என்றேன். அஞ்சலை மட்டும் அந்தப் பெண்ணிடம் நடந்துவந்து, அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "மண்டோரே, வலிக்காமயா நிக்கறா? போவ எடமில்லாம நிக்கறா. இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. எங்கள அப்பறமா ஏசலாம்."

அவள் சொன்னதற்காக அல்ல, கிராணி பயந்துபோனதற்காக, மூன்றாம் நாள்தான் சுமார்னியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அந்தக் கண்ணில் பார்வை வரவில்லை. ஒரு கண்ணோடு இருப்பவள் மருந்து கலக்க முடியாது என்று ஏஜெண்டு அவளைத் திருப்பி அனுப்பினான். துறைமுகத்துக்கு லோரியில் கூடப் போனவன் நான்தான். படகு ஏறும் முன் கிராணி கொடுத்தனுப்பிய பாஸ்போர்ட்டை அவள் கையில் கொடுத்தேன். மலேசியாவில் இறங்கிய நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் அதைத் தொட்டாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எனக்கு நன்றி சொன்னாள். என்னைத் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன் தம்பி. நன்றி சொல்லிவிட்டாள்.

அஞ்சலைக்கும் அவள் பின்னால் நின்றவர்களுக்கும் வேலை நிறுத்தப்பட்டது. வேலை இல்லாதவர்களுக்குத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வீடு இல்லை. அடுத்தடுத்து லோரிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பெரிய மண்டோர் ஆனேன். நீ நடந்து பழகி ஓடி விளையாடிய, முன்னால் கொய்யா மரம் இருந்த அந்த வீடு எனக்கு அப்படிக் கிடைத்ததுதான்.

இதனால் நம் ஆட்களில் சோம்பேறியே கிடையாது என்று நான் சொல்கிறேன் என்று நினைக்காதே. உன் சித்தப்பா இருந்தான், என் கூடப் பிறந்தவன். திங்கட்கிழமை என்று ஒரு கிழமை இருப்பதே அவனுக்குத் தெரியாது. சம்பளம் வாங்கிய மறுநாள் அவன் வேலைக்கு வந்ததாக யாரும் சத்தியம் செய்ய முடியாது. அதே தோட்டத்துக்கு வந்த இந்தோனேசிய ஆண்களிலும் ஒருவன் செம்பனை ஓலையை விரித்து நாள் முழுக்கத் தூங்குவான். நான் வருவது தெரிந்தால் எழுந்து நின்று வியர்வை துடைப்பான், வியர்க்காத நெற்றியில். எல்லா ஊரிலும் எல்லா ஜாதியிலும் அப்படி ஒருவன் இருப்பான். அவனை வைத்து ஒரு கூட்டத்துக்கே பெயர் வைப்பதுதான் அயோக்கியத்தனம். என் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறி வந்தபோது, வெள்ளைக்காரத் துரைமார் அவரைத்தான் மற்றவர்களுக்குக் காட்டி, "இவன் எதிர்த்துப் பேச மாட்டான், சொன்னதைச் செய்வான்" என்றிருப்பார்கள். அன்றைக்கு நாம்தான் பங்களாக்காரன். நமக்குப் போக இடமில்லை என்பது அவர்களுக்கு நம் நல்ல குணமாகத் தெரிந்தது. போக இடம் கிடைத்து, கையை நீட்டிக் கையுறை கேட்கக் கற்றுக்கொண்டவுடன் சோம்பேறியாகிவிட்டோம். நாளைக்கு அந்தப் பங்களாக்காரர்கள் கேட்கக் கற்றுக்கொண்டால் அவர்களும் சோம்பேறிகள்தான். வேறு ஒரு நாட்டிலிருந்து வாயைத் திறக்காத வேறு ஆட்களைத் தேடுவார்கள்.

இனி உன்னைப் பற்றியது. நீ மேசையில் சொன்னதைக் கேட்டு எனக்கு ஏன் அத்தனை கோபம் வந்தது என்று நான்கு நாளாக யோசித்தேன். அந்தப் பேச்சை நீ உன் மாமனாரிடம் கற்றுக்கொள்ளவில்லை. என்னிடம் கற்றுக்கொண்டாய். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருந்தபோது ரவாங்கில் ஒரு கிடங்கு வேலைக்குப் போனாயே, நினைவிருக்கிறதா? முதல் வாரம் முடிந்து வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்ற முடியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாய். காலுறை ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒக்காரவே விட மாட்டேங்கறாங்கப்பா, சாப்பிடறப்ப கூட நின்னுக்கிட்டே. நாளைக்கு நான் போவல" என்றாய். அம்மா வெந்நீர் கொண்டுவந்தாள். நான் உன்னிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "பங்களாக்காரன் செய்யறான்ல. ஒனக்கு மட்டும் கால் என்ன தங்கத்துலயா செஞ்சிருக்கு?" மறுநாள் நீ போனாய். மூன்று மாதமும் போனாய். அதற்குப் பிறகு இன்று வரை நீ ஒரு எம்.சி. எடுத்ததில்லை. டெங்கிக் காய்ச்சலோடு தொழிற்சாலைக்குப் போய் மயங்கி விழுந்ததை நீ ஒரு பெருமையாகச் சொல்கிறாய். தர்ஷினி அதைக் கேட்டுச் சிரித்தாள், உன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு வாசலில் உட்கார்ந்திருந்த உன் பக்கத்தில் நானும் உட்கார்ந்து, "எங்கிட்ட சொல்லு, என்ன நடக்குது அங்க?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தோட்டத்தை விட்டு வந்தும் நான் மண்டோராகவே இருந்தேன். இந்த ஒன்றுக்கு மட்டும் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

போன தீபாவளிக்கு முறுக்கு கொடுக்க உன் தொழிற்சாலைக்கு வந்தேனே, நீ மீட்டிங்கில் இருந்தாய். நான் வாசலுக்குப் பக்கத்தில் காத்திருந்தபோது ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். வங்காளதேசத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், தலை பாதி நரைத்திருந்தது. மலாயில் பேசிக்கொண்டிருந்தோம். நான் உன் அப்பா என்று அவருக்குத் தெரியாது. நான்கு மாதத்துக்கு முன் அவருடைய அம்மா இறந்துவிட்டாராம். ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டாராம். "ஆர்டர் முடியட்டும்" என்று மேலே சொன்னார்களாம். மறுபடி கேட்டீர்களா என்றேன். அவர் தொழிற்சாலைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, ஒரு முறைதான் கேட்கலாம், இரண்டாம் முறை கேட்டால் பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்றார். அன்றைக்கு இரவு ஷிப்டுக்கும் அவர் பெயர் இருந்தது. இந்த ஆளைப் போன்றவர்களைத்தான் சம்பந்தி மேசையில் புகழ்ந்தார், நீயும் ஆமாம் போட்டாய். அவர் பெயர் உனக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பாஸ்போர்ட்டுகளை அவரவர் கையில் கொடுத்துவிடு. சட்டமே அதைத்தான் சொல்கிறது என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சம்பந்தி கோபப்பட்டால், கிழவன் சொன்னான் என்று என் தலையில் போடு. கொடுத்த பிறகும் அவர்கள் பன்னிரண்டு மணி நேரம் நின்றால், அப்போது வந்து சொல். உழைப்பைப் பற்றி நானும் உன்னோடு சேர்ந்து பேசுகிறேன். வேலையே போனாலும் பயப்படாதே. உனக்குப் போக இடம் இருக்கிறது. அதற்காகத்தானே நாங்கள் இத்தனை வருஷம் பாடுபட்டோம்.

நீ கேட்ட 'சாரி'யை நான் சொல்லிவிட்டேன், தம்பி. வேறு ஆளிடம். அந்தச் சாப்பாடு முடிந்த மூன்றாம் நாள், பழைய காரை எடுத்துக்கொண்டு புக்கிட் செந்தோசாவுக்குப் போனேன். அஞ்சலை அங்கே மகள் வீட்டில் இருக்கிறாள் என்று கோயில் திருவிழாவில் யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு தெரு தவறாகப் போய், கடைசியில் ஒரு மூலை வீட்டைக் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நீலச் சீருடையைக்கூட மாற்றவில்லை. அறுபது தாண்டியவள். கேட்டுக்கு வெளியே என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க மண்டோரே" என்றாள்.

"அந்த வேலைய விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு அஞ்சல."

"எனக்கு நீங்க மண்டோருதான். ஒக்காருங்க."

மைலோ கலக்கிக் கொடுத்தாள். நான் குடிக்காமல், "அன்னைக்குப் பெரட்டுல ஒன்ன சோம்பேறின்னு சொன்னேன். அது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

"ஒரு தடவையா சொன்னீங்க? தெனமும் சொன்னீங்க."

"ஆமா. தெனமும் சொன்னேன்."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். பிறகு ரவாங்கில் ஒரு பலகைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்ததைச் சொன்னாள். "பெல்லடிக்கறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே போய் நிப்பேன். எவனும் அந்த வார்த்தைய இன்னொரு வாட்டி என்னப் பாத்து சொல்லிடக் கூடாதுன்னு. வூட்டுல சண்ட வந்தா எம்புருஷன் அதத்தான் எடுப்பாரு. மண்டோரே சொன்னாருல்ல, நீ சோம்பேறின்னு. செத்துப்போற வரைக்கும் சொன்னாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டு, "என்ன மன்னிச்சிடு அஞ்சல" என்றேன்.

"அறுவது பேரு நிக்கற எடத்துல சொன்னீங்க. இன்னைக்கு என் வூட்டுக்குள்ள, பக்கத்துல ஒருத்தரும் இல்லாதப்ப வந்து தப்புங்கறீங்க. அது எப்படி மண்டோரே சரியாவும்?"

"அந்த அறுவது பேர நான் எங்க போய்த் தேடுவேன்?"

"பாதிப் பேரு போய்ச் சேந்துட்டாங்க. மீதிப் பேரு ஞாயித்துக்கிழம பேப்பர் படிக்கறவங்கதான்" என்றாள்.

உன் கல்யாணப் பத்திரிகையை அவளிடம் கொடுத்தேன். வாங்கி, உன் பெயரையும் தர்ஷினி பெயரையும் விரலால் தடவிப் படித்தாள். நகம் வளராத அந்த இரண்டு விரலையும் அப்போதுதான் பார்த்தேன். "பேப்பர்ல வந்தா வரேன். வராட்டி வரல. ஆனா பிள்ள நல்லா இருக்கட்டும்" என்றாள்.

ஆகவே இந்தக் கடிதம் உனக்கு மட்டும் எழுதியது அல்ல. உனக்கு முதலில் அனுப்புகிறேன், அவ்வளவுதான். வியாழக்கிழமை இதைத் தமிழ்ப் பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன். போடுவதாக ஞாயிறு பதிப்பு ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். உன் பெயரும் சம்பந்தி பெயரும் இதில் இல்லை, தர்ஷினி பெயரையும் அச்சுக்குப் போகும்போது எடுத்துவிடுவேன். அஞ்சலையின் பெயர் இருக்கும். இருக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். என்னைத் தடுக்க ஆள் அனுப்பாதே. உன் அம்மா இதைப் படித்துவிட்டாள். இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினாளே தவிர ஒரு வரியையும் எடுக்கச் சொல்லவில்லை. கல்யாண மண்டபத்தில் முன் வரிசையில் எனக்கும் சம்பந்திக்கும் நடுவில் அஞ்சலைக்காக ஒரு நாற்காலி அதிகமாகப் போடச் சொல்லியிருக்கிறேன். நீ என்னோடு பேசினாலும் பேசாவிட்டாலும் அந்த நாற்காலி அங்கே இருக்கும், நானும் இருப்பேன்.

அன்று அந்தப் பெரட்டில் நின்றவர்களில் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு ஒரு வார்த்தை. அஞ்சலை கையுறை கேட்டாள். கேட்டது நியாயம். அவளைச் சோம்பேறி என்று உங்கள் முன்னால் நான் சொன்னது பொய். பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

உன் அப்பா